கவை நனைந்தால் இடுப்பளவு

என் தம்பியின் கடைசிக் காலைப்பொழுதைப் பற்றி இராஜபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் பலர் பலவாறு பேசிவிட்டார்கள். அவனுக்கு நீந்தத் தெரியாது என்றார்கள்; தெரியும். அவன் குடித்திருந்தான் என்றார்கள். உடலைக் கூறாய்வு செய்த மருத்துவர் அவ்வாறு எதுவும் இல்லை என்று என்னிடம் நேரில் சொன்னார். மகள் கேட்ட மீனுக்காகப் போய் உயிரை விட்டான் என்றார்கள். இந்த மூன்றாவது பேச்சு அந்த மகளின் காதுக்கும் எட்டியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கண்டவை, நான் கேட்டவை, இருவர் தனித்தனியே சொல்லி ஒன்றோடொன்று ஒத்துப்போனவை ஆகியவற்றை மட்டும் இங்கே தருகிறேன். ஒருவர் மட்டுமே சொன்னதாயின் அவர் சொன்னார் என்று குறிக்கிறேன். இடைவெளிகளை இட்டு நிரப்புவது எளிது. இரக்கம் அதற்குத் துணை செய்யும். ஆனால் அவளுடைய துயரத்துக்கு நான் ஒரு கற்பனையைத் துணையாக வைத்து, அது கற்பனைதான் என்று என்றாவது அவளுக்குத் தெரியவந்தால், அதன்பின் நான் சொன்ன உண்மைகளையும் அவள் நம்ப மாட்டாள். கண்மாயின் பெயரையும் யாருடைய பெயரையும் எழுதவில்லை. எவர்மீதும் பழி சுமத்துவது என் நோக்கமன்று.

தம்பி படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மனைவி காலமான பின் இராஜபாளையத்து வீட்டில் தனியே இருந்தான். ஒரே மகள் கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவனுக்கு மூத்தவளான நான் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றுத் திருவில்லிபுத்தூரில் வசிக்கிறேன். நாங்கள் கத்தோலிக்கர்; வெள்ளிக்கிழமைகளில் எங்கள் இரு வீடுகளிலும் இறைச்சி சமைப்பதில்லை, மீன் உண்டு. அந்த மீன் பெரும்பாலும் அவனுடைய தூண்டிலில் வந்ததாகவே இருக்கும். விடியலில் கண்மாய்க்குப் போய்விட்டு, வெயில் ஏறுமுன் ஈரச் சாக்கு மூடிய வயர்கூடையோடு பேருந்தில் வந்து இறங்குவான். அந்த வாடைக்காக நடத்துநர் அவனைக் கடைசி இருக்கைக்கு அனுப்பிவிடுவார் என்று சிரித்துக்கொண்டே சொல்வான்.

கண்மாய் இரண்டு ஊர்களுக்கும் இடையில், மலையடிவாரத்தில் இருக்கிறது. மீன் குத்தகை எடுத்தவர் வலை போடுவார். தூண்டில்காரர்களை அவர் தடுப்பதில்லை. தூண்டில்காரர்களில் இரு சாரார் உண்டு. மடைப் படிக்கட்டிலும் கரையோரக் கோரைப் புற்களின் பக்கத்திலும் அமர்ந்திருப்பவர்கள் ஒரு சாரார். மற்றவர்கள் தெர்மாகோல் பலகைகளை உரச்சாக்கில் திணித்து, கயிற்றால் இறுக்கிக் கட்டி, அதன்மேல் ஏறி நீருக்குள் போகிறவர்கள். அந்த மிதவையை எங்கள் பக்கத்தில் தெப்பம் என்றே சொல்கிறார்கள். ஓராள் மட்டுமே அமரலாம். கண்மாயின் உட்பகுதியில் கருவேல மரங்களை வரிசையாக வளர்த்திருக்கிறார்கள். மழைக்குப் பின் அம்மரங்கள் நீரில் நிற்கும். பெரிய மீன்கள் அவற்றின் அடியில் ஒதுங்கும். தெப்பக்காரர்கள் அங்கே போவார்கள்.

தம்பி கரையை விட்டு நகராதவன். அவனுடைய நண்பர் தெப்பக்காரர். இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் வேலை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தம்பியை அத்தான் முறை வைத்துப் பாவா என்பார். தம்பி அவரை மாப்ள என்பான். நான் சில விடியல்களில் அவர்களோடு போய்க் கரையில் அமர்ந்திருக்கிறேன். தம்பி மயிலிறகுக் காம்பில் செய்த தக்கையை நீரில் மிதக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். மரங்களின் நடுவிலிருந்து நண்பரின் குரல் வரும்.

"என்ன பாவா, கொக்கு இன்னும் ஒத்தக் கால்லதான் நிக்குதா?"

"கொக்கு நின்ன எடத்துல வயித்த நெறச்சிரும் மாப்ள. தண்ணிப்பாம்புதான் கண்மாய் பூரா அலையும்."

"எம்புட்டு மாட்டிருக்கு?"

"எண்ணிச் சொன்னா அதுக்கப்புறம் மாட்டாது."

"அப்ப ஒண்ணுமில்ல."

"ஏக்கா, அங்க தெப்பம் வருதே, சாமி எங்கன்னு அவன்ட்டக் கேளு."

"சாமி நாந்தான் பாவா. கரையில நின்னு கன்னத்துல போட்டுக்க."

தெப்பத்தில் போனால் என்ன என்று ஒருமுறை நானே அவனைக் கேட்டேன். "நான் கரையில இருந்தா மீன் என்னத் தேடி வருது. அவன் மீனத் தேடிப் போறான். ரெண்டுல எதுல மரியாத இருக்குன்னு நீயே சொல்லு" என்றான். பிறகு தக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல், "கால் தரையில படாம ஒக்காந்தா எனக்குச் சரிவராதுக்கா" என்று சேர்த்துச் சொன்னான்.

கண்மாயின் ஆழத்தைச் சொல்ல அந்தப் பக்கத்தாரிடம் ஒரு கணக்கு உண்டு. கருவேல மரத்தின் முதல் கிளை பிரியும் இடத்தைக் கவை என்பார்கள். கவை நனைந்தால் இடுப்பளவு. கவை மூழ்கினால் கழுத்தளவு. எல்லா மரங்களும் ஒரே காலத்தில் நட்டவை ஆதலால் கணக்குப் பிசகுவதில்லை. கோடையில் நீர் வற்றியதும் ஆடு மேய்ப்பவர்களும் விறகு பொறுக்குபவர்களும் அந்த மரங்களுக்கு இடையே நடந்து போவார்கள். தம்பியும் சருகு நிறைந்த அந்தத் தரையில் பலமுறை நடந்திருக்கிறான். நானே உடன் நடந்திருக்கிறேன். நிலம் அங்கே சமமாக இருந்தது.

அவன் இறந்த ஆண்டின் கோடையில் அந்தக் கண்மாயில் வண்டல் அள்ளினார்கள். வயல்களுக்கு இடுவதற்காக இசைவு பெற்று, பொக்லைன் எந்திரத்தால் தோண்டி லாரிகளில் ஏற்றிப் போனார்கள். கரையை உயர்த்திக் கட்டினார்கள். கரையோரக் கோரையை வேரோடு அகற்றினார்கள். மரங்களை வெட்ட இசைவு இல்லாததால் மரத்தடி மண்ணை விட்டுவிட்டு இடைவெளிகளில் தோண்டினார்கள். கண்மாய்க்கு நல்லது என்றே எல்லோரும் கருதினோம். அந்த ஆண்டு நீரும் நன்றாகத் தேங்கியது.

அந்தக் கோடை முழுவதும் தம்பி ஊரில் இல்லை. மகளின் வயிற்றில் கட்டி இருப்பதாகச் சொல்லி மருத்துவமனைகளுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். அவன் கோயம்புத்தூரில் அவளோடு இருந்தான். அவன் ஊர் திரும்பியபோது மழை பெய்து, கண்மாயில் நீர் வந்துவிட்டிருந்தது. பள்ளங்களை அவன் கண்ணால் பார்க்கவில்லை. இதை அவனுடைய மருமகனும் நண்பரும் தனித்தனியே உறுதி செய்தார்கள். வண்டல் எடுத்ததை அவன் அறிவான். எங்கே, எவ்வளவு எடுத்தார்கள் என்பதை அறிந்தானா என்று சொல்ல முடியவில்லை.

அறுவை முடிந்து மகள் என் வீட்டுக்கு ஓய்வுக்கு வந்தாள். தம்பி நாள்தோறும் பேருந்தில் வந்து அவளுடைய கட்டிலருகே அமர்ந்திருப்பான். அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்தினம் அவர்கள் பேசியதை நான் அடுத்த நாற்காலியில் இருந்து கேட்டேன். ஊர் இதைப் பெரிதாக்கிவிட்டதால் நினைவில் உள்ளபடி எழுதுகிறேன்.

"என்னம்மா, ஜிலேபிக் கெண்டைய முள்ளெடுத்துத் தின்னு சலிச்சுப்போச்சா?"

"சலிக்கலப்பா. பக்கத்து வீட்டு அக்கா, புண்ணு ஆற விரால் நல்லதுன்னு சொல்லிட்டுப் போறாங்க. நீங்க விரால் கொண்டாந்தும் ரொம்ப நாளாச்சே."

"கரையில விரால் இல்லம்மா இப்ப. கோரையப் பூராம் புடுங்கிப் போட்டாங்கள்ல. அது மரத்துப் பக்கம் போயிருச்சு."

"அப்பக் கடையில வாங்கிக்கிடலாம்ப்பா."

"கடையில வாங்கி மகளுக்குக் குடுத்தேன்னு தெரிஞ்சா அந்த மாப்ள என்னச் சும்மா விடுவானா? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தண்டோரா போட்டுருவான்."

"சிரிக்க வைக்காதீங்கப்பா. தையல் இழுக்குது."

கேட்கப்பட்டது இவ்வளவுதான். அவன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "சரி, வாரேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் நிகழ்ந்ததில் முதற்பகுதி நண்பர் சொன்னது. அவர் ஒருவரே அப்போது அங்கிருந்தார்.

விடியலில் இருவரும் கரையில் சந்தித்தார்கள். தம்பி அவருடைய தெப்பத்தைக் கேட்டான்.

"மழ வரப்போகுது பாவா. நீ தெப்பம் ஏறவா?"

"விரால் வேணும் மாப்ள."

"அதுக்கென்ன, நான் புடிச்சுத் தாரேன். நீ பாட்டுக்கு ஒன் எடத்துல ஒக்காரு."

"எம் மகளுக்கு நாந்தானல புடிக்கணும்."

நண்பர் கயிற்றைக் கையில் கொடுத்தார். தம்பி இரைக்காகச் சிறு தவளைகள் போட்ட டப்பாவையும் தூண்டிலையும் கூடையையும் எடுத்துக்கொண்டு ஏறினான். தெப்பம் ஒரு பக்கம் சாய்ந்தது. நண்பர் சிரித்தார். "சாமி ஆடுதே பாவா" என்றார். "செத்த நேரத்துல வந்துருதேன். என் எடத்துல ஒக்காந்து ஜிலேபிய வெரட்டி விட்டுராத" என்று சொல்லிவிட்டுத் தம்பி கைகளால் நீரைத் தள்ளிக்கொண்டு போனான். அதன்பின் அவன் பேசி எவரும் கேட்கவில்லை.

மரங்கள் அவனை மறைத்துவிட்டன. நண்பர் தம்பியின் வழக்கமான இடத்தில் அமர்ந்து தூண்டில் போட்டார். இருமுறை கூப்பிட்டார், பதில் இல்லை. விராலுக்குத் தூண்டில் போடுகிறவர்கள் வாய் திறப்பதில்லை. நீர்மேல் நிழலோ குரலோ விழுந்தால் அது போய்விடும். ஆகவே பதில் வராததை அவர் தவறாகக் கருதவில்லை. கருவேல முட்களின்மேல் வெயில் ஏறிய பிறகே அவருக்கு அச்சம் தட்டியது. குத்தகைக்காரரின் காவலாளரை அழைத்தார். அவர் மற்றொரு தெப்பத்தில் போனார். நண்பர் நீந்திக்கொண்டு பின்தொடர்ந்தார்.

இனி வருவது இருவரும் தனித்தனியே சொன்னது. தம்பி ஏறிப்போன தெப்பம் ஒரு மரக்கிளையில் அவனுடைய துண்டால் கட்டப்பட்டிருந்தது. முடிச்சு நன்றாக இடப்பட்டிருந்தது. அந்த மரத்தின் கவை அப்போதுதான் நனையும் அளவுக்கு நீர் இருந்தது. அவன் மரத்தை ஒட்டிய பள்ளத்தில் மூழ்கிக் கிடந்தான். அறுந்த வலைத்துண்டு ஒன்றும் முட்கிளைகளும் அவனுடைய கால்களைச் சுற்றியிருந்தன.

அடக்கம் நடந்தது. கல்லறைத் தோட்டத்தில் நிற்க மகளுக்கு வலுவில்லை. நாற்காலி போட்டு அமர்த்தினோம். அவளுக்குப் பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி மற்றவளிடம், "மக மீனு கேட்டாளாம், அதான் போயிருக்காக" என்றாள். சொன்னவளிடம் தீய எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆயினும் மகளின் கழுத்து அசையாமல் நின்றதை நான் பார்த்தேன். முப்பதாம் நாள் பூசைக்குப் பின் என் வீட்டுச் சமையலறையில், கழுவிய தட்டைத் துடைத்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"அத்தை, நான் கேக்காம இருந்திருந்தா அப்பா கரையிலதான இருந்திருப்பாங்க?"

ஆம் என்பதே அதற்கு உண்மையான விடை. நான் சொல்லவில்லை. அவளும் என்னை வற்புறுத்தவில்லை. அதன்பின் அவள் மீன் உண்பதை விட்டுவிட்டாள். அப்பா விராலைத் தேடித்தேடிக் கிடைக்காமல் ஆழத்துக்குப் போய்விட்டார் என்று அவள் தனக்குள் ஒரு காட்சியை வைத்திருந்தாள். கோயம்புத்தூருக்குத் திரும்பிய பிறகு அவளுடைய கணவர் தொலைபேசியில் சொல்லித்தான் எனக்கு அது தெரிந்தது. தூக்கத்தில், "போதும்ப்பா, வாங்க" என்கிறாளாம்.

அடுத்த கோடையில் நீர் வற்றியபோது நான் அந்த இடத்தைப் பார்க்கப் போனேன். காவலாளர் என்னை மரங்களுக்கு இடையே அழைத்துப் போனார். மண் வெடித்திருந்தது, சில பள்ளங்களில் மட்டும் கலங்கல் நீர் மீந்திருந்தது. மரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி மேட்டில் நின்றன. அவர் காட்டிய மரத்தின் மேட்டில் ஏறி நின்றேன். கவை என் இடுப்புக்கு நேராக இருந்தது. காவலாளர் தம் கம்பை அருகிலிருந்த பள்ளத்தில் விட்டார். அவருடைய கை நீரைத் தொடும்வரை கம்பு இறங்கியது, அடி தட்டவில்லை.

"சார் போட்ட கணக்கு தப்பில்ல டீச்சர்" என்றார். "மரத்தடியில இப்பவும் இடுப்புதான். மரத்த விட்டு ஒரு எட்டு வச்சாத்தான் ஆளு முங்கும். தெப்பத்துல வாரவுக யாரும் எறங்க மாட்டாக, அதனால அவுகளுக்கு இது தெரியாது. நடந்து பழகுனவுகதான் எறங்குவாக."

நான் மேட்டிலிருந்து இறங்கினேன். அவர் கம்பை நீரிலிருந்து உருவிக்கொண்டே வேறு ஏதோ நினைவில் பேசினார்.

"நல்ல விரால் டீச்சர் ரெண்டும். கை நீளம் இருக்கும். கூடையில உசுரோட கெடந்துச்சு. செத்தவுக புடிச்சத யாரு திங்க? நாந்தான் தண்ணியில விட்டேன்."

"எந்தக் கூடையில?"

"சார் கூடையிலதான். தெப்பத்து மேல இருந்துச்சு, சாக்குப் போட்டு மூடி. ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. கூடை என் வீட்டுக்கு வெறுமையாகத்தான் வந்தது.

அன்று பிற்பகலே இராஜபாளையத்துக்குப் போனேன். நண்பர் ஆலை வேலை முடிந்து வந்து படுத்திருந்தார். என் குரல் கேட்டு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். கூடையில் என்ன இருந்தது என்று மட்டும் கேட்டேன்.

"ரெண்டு விரால் இருந்துச்சுக்கா" என்றார்.

"ஏன் சொல்லல?"

"எப்படிக்கா சொல்ல? பச்ச ஒடம்புக்காரி. அவகிட்டப் போய், மீன் கெடச்சிருச்சும்மா, அப்பாதான் வரலன்னு சொல்லவா? அத விட, கெடைக்கலன்னே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். நண்பர் அந்தத் தண்ணீரைத் தாமே எடுத்துக் குடித்தார். பிறகு நினைவு வந்து, எனக்கு வேறு கொண்டுவரச் சொன்னார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் ஒரு கொடுமையை மறைப்பதாக எண்ணி ஓர் ஆறுதலையும் சேர்த்து மறைத்துவிட்டார். அவள் கேட்டதை அவன் பிடித்து முடித்திருந்தான். அவன் தேடிக் களைத்து இறக்கவில்லை. அதன்பின் நீரில் இறங்கியது எதற்காகவோ, அவள் கேட்டதற்காக மட்டும் இருக்க முடியாது என்று அந்த வீட்டுப் படியிறங்கும்போது நினைத்தேன். அது என் எண்ணம் மட்டுமே என்பதையும் இங்கே குறிக்க வேண்டும்.

தொலைபேசியில் சொல்லக் கூடாது என்று முடிவு செய்து கோயம்புத்தூருக்குப் போனேன். அவள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். நான் கேட்டவற்றை, கேட்ட ஒழுங்கில், சேர்க்காமல் குறைக்காமல் சொன்னேன். மேட்டைச் சொன்னேன், பள்ளத்தைச் சொன்னேன், துண்டின் முடிச்சைச் சொன்னேன், கூடையைக் கடைசியில் சொன்னேன்.

அவள் கையிலிருந்த போர்வையை மடிமேல் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு. ரெண்டு பேரும் தனித்தனியாச் சொல்லுதாங்க."

"பெருசா?"

"கை நீளமாம்."

அவள் அழவில்லை. தன் முன்கையைப் பார்த்தாள். "அப்ப வந்திருக்கலாம்ல" என்றாள். குரலில் கோபம் இருந்தது. தந்தை இறந்த பிறகு அவர்மேல் அவள் கோபப்பட்டதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். "ரெண்டு போதும்ல அத்தை. வந்திருக்கலாம்ல."

"வந்திருக்கலாம்."

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு ஒங்களுக்குன்னு கணக்குப் போட்டிருப்பாங்க. மூணாவது அவங்களுக்கா இருக்கும். அப்படி வச்சுக்கிடலாமா?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது ஒரே சொல். அந்தச் சொல்லை நான் சொல்லியிருந்தால் அன்றிரவு அவள் உறங்கியிருக்கக் கூடும்.

"வச்சுக்கோன்னு நான் எப்படிம்மா சொல்ல? எனக்குத் தெரியாது. ரெண்டு இருந்தது மட்டும் நெசம்."

"ஒங்களுக்கு எதுக்கும் சாட்சி வேணும்" என்றாள். சொல்லிவிட்டுப் போர்வையின் முனையை மறுபடியும் என் கையில் கொடுத்தாள். இருவரும் அதை மடித்து முடித்தோம்.

அன்று அவள் வைத்த குழம்பு கத்தரிக்காய்க் குழம்பு. அவள் இன்னும் மீன் உண்பதில்லை. தூக்கத்தில் பேசுவது நின்றுவிட்டதாக அவளுடைய கணவர் சொல்கிறார். அவர் ஒருவர் மட்டுமே சொல்வது அது.

கூடையில் இரண்டு விரால் இருக்க, என் தம்பி தெப்பத்தை மரத்தில் கட்டிவிட்டு நீரில் ஏன் இறங்கினான் என்பது தெரியவில்லை. அவனாக இறங்கினானா, கட்டியபின் சறுக்கி விழுந்தானா என்பதும் தெரியவில்லை. அவனுடைய தூண்டில் கிடைக்கவில்லை. கோடையில் அந்தப் பள்ளத்தைத் துழாவியும் அகப்படவில்லை. ஆகவே அதன் நுனியில் மீன் இருந்ததா இல்லையா என்பதும் தெரியாது. அவன் இறங்கியதைக் கண்டவர் எவரும் இல்லை.